புகார் கொடுக்கவே வழியில்லாத இரண்டு வாரம்: அட்லாசியன் 2022 முடக்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரல் 5, யூடிசி (உலகப் பொது) நேரப்படி காலை 7.38. அலுவலக வேலைகளுக்கான மென்பொருளைக் கிளவுட் வழியாகத் தரும் அட்லாசியன் நிறுவனத்தில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், ஓடத் தொடங்கியது. 8.01க்கு வேலை முடிந்தது. அந்த 23 நிமிடத்துக்குள் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் அழிந்துபோயிருந்தன. கடைசித் தளம் திரும்பி வந்தபோது ஏப்ரல் 18 ஆகிவிட்டது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது பெரிய முடக்கம் இல்லை. அப்போது அட்லாசியனுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அன்று ஒன்றுமே ஆகவில்லை. இதைவிடப் பெரிய சரிவுகள் கிளவுட் உலகில் நிறைய உண்டு. ஆனாலும், ஹோஸ்டிங் நிறுவனத்தோடு ஒருமுறையாவது மல்லுக்கட்டியவர்கள் படிக்க வேண்டிய நிகழ்வு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சர்வர் விழுந்தால் வரும் கோபம் ஒரு வகை. விழுந்ததைச் சொல்லப் போன இடத்தில் 'நீங்கள் யார்?' என்று கேட்டால் வரும் கோபம் வேறு வகை. அந்த இரண்டாவது கோபம் எங்கிருந்து பிறக்கிறது என்பது இந்த நிகழ்வில் அப்பட்டமாகத் தெரிகிறது. நிறுவனமே ஏப்ரல் 29 அன்று நீண்ட ஆய்வறிக்கை வெளியிட்டதால் நேரம், எண்ணிக்கை எல்லாம் துல்லியமாகக் கிடைக்கின்றன.

தவறான பட்டியல்

நடந்தது இதுதான். இன்சைட் என்று ஒரு துணைச் செயலி இருந்தது. நிறுவனத்தின் கணினிகள், கருவிகள் போன்ற சொத்துகளைக் கணக்கு வைத்துக்கொள்ள உதவுவது. அந்த வசதியை, உதவிக் கோரிக்கைகளைக் கையாளும் தங்கள் மென்பொருளான ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டதால், தனியாக இருந்த பழைய செயலியை வாடிக்கையாளர் தளங்களிலிருந்து எடுத்துவிட முடிவு செய்தார்கள். வழக்கமான துப்புரவு வேலைதான். எடுக்கச் சொன்ன குழு ஒன்று, எடுத்த குழு இன்னொன்று. செயலியின் ஐடிகளைக் கொடுத்திருக்க வேண்டிய முதல் குழு, அந்தச் செயலி இருந்த தளங்களின் ஐடிகளைக் கொடுத்துவிட்டது.

அழிக்கும் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலுக்கு உத்தரவு கொடுக்கும் வாசல்) இரண்டு வகை ஐடியையும் வாங்கிக்கொள்ளும். செயலி ஐடி வந்தால் செயலியை அழிக்கும், தள ஐடி வந்தால் தளத்தையே அழிக்கும். வந்தது சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். இது முழுத் தளமாயிற்றே, நிஜமாகவே அழிக்கவா என்று ஒரு வார்த்தை கேட்காது. போதாக்குறைக்கு அந்த ஸ்கிரிப்டில் இரண்டு வழிகள் இருந்தன: திரும்ப எடுக்க வசதியாக 'அழிக்கப்பட்டது' என்று குறி மட்டும் வைப்பது ஒன்று, சட்டத் தேவைகளுக்காக நிரந்தரமாக அழிப்பது மற்றொன்று. ஓடியது இரண்டாவது வழியில்.

பரிசோதிக்காமல் ஓடவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. முன்னதாக 30 தளங்களில் உண்மையான சூழலிலேயே ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அந்த 30க்கும் சரியான செயலி ஐடிகள் இருந்ததால் எல்லாம் நன்றாகவே நடந்தது. சக பொறியாளர்கள் மாற்றத்தைச் சரிபார்க்கவும் செய்தார்கள். ஆனால் எந்த ஏபிஐ அழைக்கப்படுகிறது, எப்படி அழைக்கப்படுகிறது என்பதைத்தான் பார்த்தார்கள். பட்டியலில் இருக்கும் ஐடிகள் எதனுடையவை என்று யாரும் பார்க்கவில்லை. சோதனையில் தேறியது ஸ்கிரிப்ட், தவறாக வந்தது பட்டியல். இந்த இடைவெளி எந்த நிறுவனத்திலும் இருக்கக்கூடியது. அதனால் ஐடியை மாற்றிக் கொடுத்தவர்களைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை.

அவர்களுடைய கண்காணிப்புக் கருவிகள் எதுவும் சத்தமே போடவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. தளங்கள் வழக்கமான அழிப்பு நடைமுறை வழியாகவே அழிக்கப்பட்டதால், இயந்திரத்தின் பார்வையில் கோளாறு ஏதும் இல்லை. எல்லாம் உத்தரவுப்படி நடந்தது. விஷயத்தை முதலில் சொன்னது வாடிக்கையாளர்தான்: 7.46க்கு முதல் டிக்கெட் வந்தது. அப்போது ஸ்கிரிப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆளையே தெரியவில்லை

இங்கிருந்துதான் கதை மோசமாகிறது.

அட்லாசியனில் அப்போது சப்போர்ட் டிக்கெட் போட வேண்டுமானால், உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்து, அதன் நிர்வாகி நீங்கள்தான் என்று காட்ட வேண்டியிருந்தது. சாதாரண நாளில் இது நல்ல பாதுகாப்பு. கண்டவர்கள் வந்து அடுத்தவர் தளத்தைப் பற்றிக் கேட்க முடியாது. ஆனால் தளம் அழிந்தபோது அதன் முகவரியும் போயிற்று, நிர்வாகிகளின் பெயர், மின்னஞ்சல் எல்லாமும் போயிற்று. 'தளத்தைக் காணவில்லை' என்று சொல்ல வந்தவரிடம், டிக்கெட் படிவம் 'சரியான தள முகவரியைக் கொடுக்கவும்' என்றது. வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்கும் நிலைமை, ஆனால் பூட்டியது வேறொருவர்.

மறுபுறமும் அதே இருட்டு. யார் யாருடைய தளம் போயிற்று என்று நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால் அந்த வாடிக்கையாளரை எந்த மின்னஞ்சலில் பிடிப்பது என்ற விவரம், அழிந்துபோன தரவோடு சேர்ந்துதான் இருந்தது. கூப்பிட்டுச் சொல்ல ஆள் இருந்தும் எண் இல்லை. பழைய பில் விவரங்கள், முந்தைய டிக்கெட்டுகள் போன்றவற்றைத் தோண்டித்தான் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

எந்தெந்தச் சேவைகள் போயின என்று பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடும். வேலைகளைப் பட்டியலிட்டுப் பின்தொடரும் ஜிராவும், ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் கான்ஃப்ளூயன்ஸும் மட்டுமல்ல, ஆப்ஸ்ஜீனியும் ஸ்டேட்டஸ்பேஜும் அதில் அடக்கம். ஆப்ஸ்ஜீனி என்பது ஒரு நிறுவனத்தின் சர்வர் விழுந்தால் நடுராத்திரியில் பொறியாளரை எழுப்பிவிடும் கருவி. ஸ்டேட்டஸ்பேஜ், விழுந்ததை அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்கும் பக்கம். கான்ஃப்ளூயன்ஸில் பலர் வைத்திருப்பது, இப்படி ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்ற கையேடு. எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கியவர்களுக்கு, விபத்தும் விபத்துக்கான முதலுதவிப் பெட்டியும் ஒரே நிமிடத்தில் காணாமல் போயின.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் பதிப்புக்குப் புதிய உரிமம் விற்பதை அட்லாசியன் 2021 பிப்ரவரியிலேயே நிறுத்தியிருந்தது. அந்தப் பதிப்புக்கான சப்போர்ட்டும் 2024 பிப்ரவரியோடு முடியும் என்று அறிவித்திருந்தது. கிளவுடுக்கு வாருங்கள், அதுதான் நம்பகமானது என்று வாடிக்கையாளர்களைத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. அப்படித் தள்ளப்பட்டு வந்தவர் இரண்டு வாரம் வேலையின்றி உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பேக்கப் இருந்தது, ஆனாலும்

தரவு போய்விட்டதா? இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அழிப்புக்கு ஐந்து நிமிடம் முன்புவரையான தரவு திரும்பக் கிடைத்தது. பேக்கப் முறையாக எடுக்கப்பட்டிருந்தது, பாராட்டத்தான் வேண்டும். பிறகு ஏன் இரண்டு வாரம்?

ஒரு டேட்டா சென்டரே போனால் எல்லாரையும் ஒட்டுமொத்தமாகத் திரும்ப ஏற்றும் ஏற்பாடு அவர்களிடம் இருந்தது. ஒரு வாடிக்கையாளர் தவறுதலாகத் தானே எதையாவது அழித்துக்கொண்டால் அவருக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. இடைப்பட்ட நிலைமைக்குத்தான் எதுவும் இல்லை. மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும் அதே அமைப்புக்குள், அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், நூற்றுக்கணக்கான தளங்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் திரும்ப வைப்பதற்குத் தானியங்கி வழி இல்லை. கையால் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிதாகத் தளம் உருவாக்கி அதில் பழைய தரவை ஊற்றினார்கள். புதிய தளத்துக்குப் புதிய ஐடி. பழைய ஐடியை நம்பியிருந்த எல்லா இணைப்பையும், வெளி நிறுவனங்களின் துணைச் செயலிகள் உட்பட, மாற்றித் தர வேண்டியிருந்தது. ஏறக்குறைய 70 படிகள், ஒரு தொகுதிக்கு 48 மணி நேரம். ஏப்ரல் 14 வரை இப்படி மீண்டவை 112 தளங்கள். அதற்குள் இன்னொரு குழு, பழைய ஐடிகளையே உயிர்ப்பிக்கும் வழியைக் கண்டுபிடித்தது. படிகள் பாதிக்கும் கீழே வந்தன, 48 மணி நேரம் 12 மணி நேரமாகச் சுருங்கியது. மிச்சமிருந்த 771 தளங்களும் சில நாட்களில் ஏறிவிட்டன.

'பேக்கப் எடுக்கிறீர்களா?' என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். திரும்ப ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும், கடைசியாக எப்போது ஏற்றிப் பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் தொண்டையைச் செருமுவார்கள்.

வாய் திறக்காத ஒரு வாரம்

அப்போதைய தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஸ்ரீ விஸ்வநாத், என்ன நடந்தது என்று பொதுவெளியில் விரிவாக எழுதியது ஏப்ரல் 12 அன்று. அதாவது, ஏழு நாள் கழித்து. அதற்கு முன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் குறிப்புகள் வந்தன, பிடிக்க முடிந்த வாடிக்கையாளர்களோடு பேசினார்கள். ஆனால் 'வேலை நடக்கிறது' என்பதைத் தாண்டி எதுவும் இல்லை. பாதிக்கப்படாத இரண்டு லட்சம் பேரை வீணாகக் கலவரப்படுத்த வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ. அறிக்கையில் அவர்களே இதைப் பெரிய தவறாக ஒப்புக்கொள்கிறார்கள்: எப்போது சரியாகும் என்று தெரியாவிட்டாலும், தெரியாது என்பதையாவது முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்ற பொருளில்.

என் கணக்கில் இதுதான் ஐடி குளறுபடியைவிடப் பெரிய குற்றம். பொறியாளர்களுக்கு 8.53க்கே காரணம் தெரிந்துவிட்டது. ஸ்கிரிப்ட் ஓடி முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 'நாங்கள்தான் அழித்துவிட்டோம், தரவு இருக்கிறது, திரும்ப ஏற்ற பல நாட்கள் ஆகலாம்' என்று அன்று மாலையே சொல்லியிருந்தால், வாடிக்கையாளர்கள் திட்டியிருப்பார்கள், அப்புறம் மாற்று வழி பார்த்திருப்பார்கள். ஒரு விரிதாளிலாவது வேலையைத் தொடங்கியிருப்பார்கள். நாளைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஒவ்வொரு நாளாகக் காத்திருப்பதுதான் உண்மையான நஷ்டம். சப்போர்ட்டில் இருப்பவர் தரும் பதில் சரியாக இருந்தால் போதும், இனிமையாக இருக்க வேண்டியதில்லை.

இது அட்லாசியனின் தனி நோய் அல்ல

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்3 என்ற தரவுச் சேமிப்புச் சேவை, வட வர்ஜீனியா ரீஜனில் (அந்தப் பகுதி டேட்டா சென்டர்களின் தொகுப்பில்) விழுந்தது. பொறியாளர் ஒருவர் கொடுத்த கட்டளையில் ஓர் உள்ளீடு தவறிப் போனதில், எடுக்க நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றுபோயின. அது நிகழக்கூடியதே. ஆனால் ஏடபிள்யூஎஸ்ஸின் ஸ்டேட்டஸ் பக்கத்தை மாற்றும் கருவியே எஸ்3ஐ நம்பியிருந்தது. அதனால் அமெரிக்க பசிபிக் நேரப்படி காலை 11.37 வரை, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு சேவையின் நிலையையும் மாற்ற முடியவில்லை. ட்விட்டரில் எழுதிச் சொன்னார்கள்.

2021 டிசம்பர் 7 அன்று அதே ரீஜனில் உள் நெட்வொர்க் நெரிசல். அதே நெட்வொர்க்கை நம்பியிருந்த சப்போர்ட் மையத்திலும் பாதிப்பு: பசிபிக் நேரப்படி காலை 7.33 முதல் மதியம் 2.25 வரை டிக்கெட் போடுவது சிக்கலாக இருந்தது என்று நிறுவனமே எழுதியிருக்கிறது. ஸ்டேட்டஸ் பக்கத்தை மாற்று ரீஜனுக்குத் திருப்பும் வேலையும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டது. 2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுட் உலகம் முழுக்கத் தடுமாறியபோது, முதல் அறிவிப்பு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. காரணம், அறிவிப்புப் பக்கத்தின் அடித்தளமும் அதே முடக்கத்தில் விழுந்திருந்தது.

இவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கு இது தெரியாதா என்று தோன்றும். தெரியும். ஆனால் தங்கள் சேவையைத் தாங்களே பயன்படுத்துவது அங்கே பெருமை, செலவும் மிச்சம். போட்டியாளரின் சர்வரில் தன் புகார்ப் பெட்டியை வைக்க எந்த மேலாளருக்கும் மனசு வராது.

பேக்கப்பிலும் இதே கதை உண்டு. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் எஸ்பிஜி2 டேட்டா சென்டர் தீப்பிடித்து எரிந்தது. பக்கத்திலிருந்த எஸ்பிஜி1இலும் ஒரு பகுதி போயிற்று. பேக்கப்புக்குத் தனியாகக் காசு கொடுத்தவர்கள் சிலர், அந்தப் பேக்கப்பும் அதே வளாகத்தில் எரிந்துவிட்டதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு நிறுவனம் வழக்குப் போட்டது. மூலத் தரவிலிருந்து பேக்கப் பிரித்து வைக்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னதைக் காட்டியது. 2023 ஜனவரியில் லீல் வணிக நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் ஒன்று இருக்கிறது. யூனிசூப்பர் என்பது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதி. 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் அதற்கென்று தனியாக ஒதுக்கியிருந்த அமைப்புகளில் ஒன்று அழிந்தது. அமைக்கும்போது கூகுள் தரப்பில் ஒரு மதிப்பை நிரப்பாமல் விட்டதால், ஓராண்டுக் கெடு தானாக விழுந்து, கெடு முடிந்ததும் அது தானே அழிந்துவிட்டது. வாடிக்கையாளர் கேட்டு நடந்த அழிப்பு இல்லை என்பதால் எச்சரிக்கை மின்னஞ்சல்கூடப் போகவில்லை. காப்பாற்றியது, அந்த அமைப்புக்கு வெளியே அவர்கள் தனியாக வைத்திருந்த பேக்கப். அது இருந்தும் மீள ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

இழப்பீடு என்னும் வேடிக்கை

மாதம் 99.9 சதவீதம் இயங்கும் என்ற உறுதிமொழிக்கு அர்த்தம், 30 நாளில் 43 நிமிடம் விழலாம் என்பது. அதற்கு மேல் விழுந்தால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் கட்டிய மாதக் கட்டணத்தில் ஒரு பகுதி, அதுவும் அடுத்த பில்லில் கழிவாக. வியாபாரம் போனதற்கு, ஊழியர் சும்மா உட்கார்ந்ததற்கு எதுவும் இல்லை. ஏடபிள்யூஎஸ்ஸின் வாடகை சர்வர் சேவையான இசி2இன் ஒப்பந்தத்தில் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் முழுக் கட்டணமும் கழிவாக உண்டு. அதாவது மாதத்தில் ஒன்றரை நாள் விழுந்திருக்க வேண்டும். அந்தக் கழிவும் தானாக வராது. வாடிக்கையாளர்தான் கேட்க வேண்டும், குறிப்பிட்ட கெடுவுக்குள். எங்கே கேட்பது? சப்போர்ட் மையத்தில் டிக்கெட் போட்டு.

அறிக்கைக்குப் பிறகு

அட்லாசியன் தன் அறிக்கையில் சில மாற்றங்களை உறுதியளித்தது. எந்தத் தளத்தையும் உடனே நிரந்தரமாக அழிக்க முடியாது, முதலில் குறி மட்டும்தான். பல தளங்களை ஒன்றாக மீட்கத் தானியங்கி வழி. வாடிக்கையாளரின் தொடர்பு விவரங்களைத் தளத்துக்கு வெளியே பத்திரப்படுத்துவது. தள முகவரி இல்லாமலே டிக்கெட் போட வழி. கடைசி இரண்டும் எவ்வளவு சின்ன வேலைகள் என்று பாருங்கள். ஒரு தனி அட்டவணையும் ஒரு படிவமும்தான். அது 2022க்கு முன்பே இருந்திருந்தால் தளங்கள் அழிந்திருக்கும்தான், ஆனால் 775 பேரும் முதல் நாளே யாரிடமாவது பேசியிருப்பார்கள்.

வாடிக்கையாளர் பக்கத்தில் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் இருக்கிறது. கணக்கு எண், ஒப்பந்தம், கடைசிச் சில பில்கள், பதிவு செய்த மின்னஞ்சல், கணக்கு மேலாளர் என்று ஒருவர் இருந்தால் அவருடைய நேரடி எண், இவற்றை அந்த நிறுவனத்தின் சேவைக்கு வெளியே எங்காவது வைத்திருப்பது. பதிவு செய்த மின்னஞ்சலே அவர்கள் ஹோஸ்ட் செய்யும் டொமைனில் இருந்தால், சர்வரோடு மின்னஞ்சலும் போகும், கடவுச்சொல்லைக்கூட மாற்ற முடியாது. நான் பார்த்த சிறு நிறுவனங்களில் பாதிக்குப் பாதி இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். டொமைன் பதிவும் ஹோஸ்டிங்கும் ஒரே இடத்தில் இருப்பதும் அதே மாதிரி: சர்வர் விழுந்தால், டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸை வேறு பக்கம் திருப்ப, விழுந்த நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனலுக்குள்தான் போக வேண்டியிருக்கும். எச்சரிக்கை மணி அடிக்கும் கருவியும் ஒரு பேக்கப் பிரதியும் வேறு நிறுவனத்திடம், வேறு கணக்கில் இருந்தால் நல்லது. செலவு கொஞ்சம் கூடும்.

ஒப்பந்தம் போடும் முன் விற்பனையாளரிடம் கேட்க ஒரு கேள்வியும் உண்டு: எங்கள் கணக்கே உங்கள் சிஸ்டத்திலிருந்து அழிந்துபோனால், அன்று நாங்கள் யாரைக் கூப்பிடுவது, நாங்கள்தான் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? 'அப்படியெல்லாம் நடக்காது' என்று அவர் சிரித்தால், பில் நகல்களைத் தாளில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கேட்டுச் சொல்கிறேன் என்று குறித்துக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து ஒரு பெயரும் ஒரு எண்ணும் அனுப்பினால், விலை கொஞ்சம் கூடுதலானாலும் நான் அவரிடம்தான் வாங்குவேன்.